உலகக் கோப்பைக் கூடைப்பந்தும் கொடைக்கானல் திரையும்: ஓர் இணைய ஒளிபரப்புச் சேவையின் மதிப்பீடு

2023 ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 10 வரை பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் நடைபெற்ற ஆடவர் உலகக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியை ஒரு கட்டண இணைய ஒளிபரப்புச் சேவையின் வழியாகக் கொடைக்கானலில் இருந்தபடி பார்த்தோம். அதன் ஆட்டங்களின் முழுப் பதிவுகளை மாலைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு இன்றுவரை போட்டுக் காட்டி வருகிறேன். கொடுத்த பணத்துக்கு அந்தச் சேவை தகுதியானதா என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒளிபரப்பு உரிமங்கள் தொடருக்குத் தொடர் கைமாறுவதால் சேவையின் பெயர் வாசகருக்குப் பெரிதாகப் பயன்படாது. எதைப் பார்த்துச் சந்தா கட்ட வேண்டும், எதை நம்பிக் கட்டக் கூடாது என்பது பயன்படும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுப் பதிவுகளுக்காக இந்தச் சேவையை வாங்கலாம். நேரலைக்காக மலையில் இருப்பவர்கள் வாங்கக் கூடாது. ஆட்டத்தின் முக்கியக் காட்சிகளை மட்டும் கோத்துத் தரும் பத்து நிமிடத் தொகுப்புகளுக்காக யாருமே வாங்க வேண்டியதில்லை, ஏனெனில் அந்தத் தொகுப்புகள் ஆட்டத்தைத் தவறாகச் சொல்கின்றன. மூன்றாவதாகச் சொன்னதைத்தான் விரிவாக விளக்க வேண்டியிருக்கிறது.

ஜெர்மனிக்கும் லாட்வியாவுக்கும் இடையே நடந்த காலிறுதியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி 81–79 என்று வென்ற ஆட்டம் அது. சேவையின் தொகுப்பில் அந்த ஆட்டம், ஜெர்மனி சீராக முன்னிலையில் இருந்து கடைசியில் சற்றே தடுமாறியதுபோல் தோன்றுகிறது. அணியின் தலைவர் டென்னிஸ் ஷ்ரோடர் அன்று எறிந்த 26 வீச்சுகளில் 4 மட்டுமே கூடைக்குள் விழுந்தன என்பதும், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் எறிந்த எட்டில் ஒன்றுகூட விழவில்லை என்பதும் தொகுப்பைப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. தவறிய வீச்சைத் தொகுப்பில் யாரும் சேர்ப்பதில்லை. முழுப் பதிவைப் பார்த்தால், உலகக் கோப்பையின் காலிறுதியில் ஓர் ஆட்டக்காரர் தொடர்ந்து தவறவிட்டுக்கொண்டிருக்க, பயிற்சியாளர் கோர்டன் ஹெர்பர்ட் அவர்மீது வைத்த நம்பிக்கையைக் கைவிடாமல் இருப்பதையும், மற்ற நால்வரும் முகம் சுளிக்காமல் அவருக்கே திரும்பத் திரும்பப் பந்தைக் கொடுப்பதையும் காணலாம். ஜப்பானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டு வெளியேறியிருந்த ஃபிரான்ஸ் வாக்னர் இந்த ஆட்டத்தில்தான் திரும்பி வந்து 16 புள்ளிகள் எடுத்தார். கடைசி நொடியில் லாட்வியாவின் டேவிஸ் பெர்டான்ஸ் எறிந்த மூன்று புள்ளி வீச்சு விழுந்திருந்தால் ஜெர்மனி அன்றே ஊர் திரும்பியிருக்கும். அது விழவில்லை.

நான்கு நாள்கள் கழித்து, மணிலாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அதே ஷ்ரோடர் 28 புள்ளிகள் எடுத்தார். செர்பியாவை 83–77 என்று வென்று ஜெர்மனி முதல்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஷ்ரோடருக்கே கிடைத்தது. காலிறுதியின் முழுப் பதிவைப் பார்க்காதவருக்கு இந்த விருதின் முழு அளவும் விளங்காது. என் மாணவர்களில் பந்தைக் கொண்டுசெல்லும் இடத்தில் ஆடுபவர்கள் இரண்டு வீச்சுகள் தவறினாலே மூன்றாவதை எறியத் தயங்குவார்கள். அவர்களுக்கு இறுதி ஆட்டத்தைவிடக் காலிறுதியையே அதிகமாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இறுதி ஆட்டத்தைப் பொறுத்தவரை, பதிவின் தரம் மிக நன்றாக இருந்தது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். இடைவேளையில் இரு அணிகளும் 47–47 என்று சமநிலையில் இருந்தன. மூன்றாம் கால்பகுதியில் ஜெர்மனி 22 புள்ளிகள் எடுக்க, செர்பியாவால் 10 மட்டுமே எடுக்க முடிந்தது. ஆட்டத்தின் முடிவு அந்தப் பத்து நிமிடங்களில்தான் எழுதப்பட்டது. அந்தப் பகுதியில் பந்து இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. பந்தில்லாத பக்கத்தில் நிற்கும் ஜெர்மானியர்கள் ஒருவர் நகர்ந்தவுடன் அடுத்தவர் அந்த இடத்தை நிரப்புவதையும், செர்பிய ஆட்டக்காரர் ஸ்க்ரீன் போட (தன் கூட்டாளிக்கு வழி கிடைக்க எதிரணிக்காரரை மறித்து நிற்க) வரும்போதே ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக் கூவுவதையும் பார்க்க வேண்டும். சேவையின் முழுப் பதிவில் கேமரா பெரும்பாலும் களத்தின் பாதியை முழுமையாகக் காட்டும் உயரத்தில் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. நிறுத்தி, பத்து நொடி பின்னால் போய், மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. பயிற்சி தருபவருக்கு இந்த ஒரு வசதியே சந்தாப் பணத்தை ஈடுகட்டிவிடும். மாதச் சந்தா ஒரு சாதாரண ரப்பர் கூடைப்பந்தின் விலையைவிடக் குறைவு என்பதால் இதை மிகையாகச் சொல்லவில்லை.

ஹெர்பர்ட் 2021இல் பொறுப்பேற்றபோது ஆட்டக்காரர்களிடம் மூன்று கோடைக்காலங்களுக்கு நாட்டு அணிக்கு வருவதாக உறுதி கேட்டார். 2022இல் ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம், 2023இல் உலகக் கோப்பை. எட்டு ஆட்டங்களிலும் தோல்வியே இல்லை. 2025 செப்டம்பரில் ரீகாவில் துருக்கியை 88–83 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையையும் ஜெர்மனி எடுத்தது. அப்போது பயிற்சியாளர் மாறியிருந்தும் ஆட்டத்தின் அடித்தளம் மாறவில்லை. சேவையின் பழைய பதிவுகளை ஆண்டு வரிசையில் பார்த்தால் அணி வளர்ந்த விதம் கண்முன்னே தெரிகிறது. ஆனால் அந்த ஆண்டு வரிசையில் தேடும் வசதியைச் சேவை சரியாக அமைக்கவில்லை. அணியின் பெயரைத் தட்டினால் வெவ்வேறு தொடர்களின் ஆட்டங்கள் கலந்து வருகின்றன. தேதியை மனப்பாடமாக வைத்திருப்பவர் மட்டுமே எளிதில் கண்டுபிடிக்க முடியும்.

இனி நேரலை. மணிலா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால் முக்கியமான ஆட்டங்களில் பல மாலை ஆறு மணிக்கு மேல் தொடங்கின. விடியற்காலையில் எழுந்து அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் செப்டம்பர் மாதம் மலையில் மழைக்காலம். மேகம் இறங்கி மழை பிடித்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கைப்பேசி இணைப்பு நாயுடுபுரத்தில் ஒரு மாதிரி, பெருமாள்மலையில் ஒரு மாதிரி, பூம்பாறைப் பக்கம் வேறு மாதிரி. இதற்குச் சேவையைக் குறை சொல்ல முடியாது. இணைப்பு மெலியும்போது சேவை என்ன செய்கிறது என்பதற்கு அதுவே பொறுப்பு. நாங்கள் பயன்படுத்திய சேவை படத்தின் தரத்தைப் படிப்படியாகக் குறைத்து ஆட்டத்தை ஓடவிடாமல், நின்றுபோய் வட்டம் சுற்றியது. மீண்டும் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடராமல் அப்போதைய நேரத்துக்குத் தாவியது. குறைந்த தரத்தை நாமே தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தும் வாய்ப்பும் நேரலையில் இல்லை.

இதன் விலையை வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் கொடுத்தோம். கனடா 127–118 என்று கூடுதல் நேரத்தில் அமெரிக்காவை வீழ்த்திய ஆட்டம் அது. முறையான ஆட்ட நேரம் முடியச் சில நொடிகளே இருக்க, அமெரிக்காவின் மிகல் பிரிட்ஜஸ் முதல் ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற வீச்சை) போட்டுவிட்டு இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, திரும்பி வந்த பந்தைத் தானே எடுத்து, மூலைக்கு ஓடி மூன்று புள்ளியாக எறிந்து 111–111 என்று சமன் செய்தார். கூடைப்பந்து பார்க்கும் ஒருவர் ஆயுளில் எத்தனை முறை இப்படி ஒன்றை நேரில் பார்ப்பார்? எங்கள் திரையில் அந்த நேரத்தில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. படம் திரும்பியபோது கூடுதல் நேரம் தொடங்கியிருந்தது. கூடியிருந்த பிள்ளைகளின் ஏமாற்றத்தைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. முழுப் பதிவு வந்த பிறகு அந்த நொடிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். டில்லன் புரூக்ஸ் எடுத்த 39 புள்ளிகளையும், ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 31 புள்ளிகளோடு கொடுத்த 12 அசிஸ்டுகளையும் (கூட்டாளி கூடையில் போட வழிசெய்த பந்து வழங்கல்களையும்) நிதானமாகப் பார்த்தோம். உலகக் கோப்பையில் கனடாவின் முதல் பதக்கம் அது. பதிவு நன்றாகவே இருந்தது. ஆனாலும் முடிவு தெரிந்த பின் பார்ப்பது நேரலைக்கு ஈடாகாது.

அமெரிக்க அணியின் வீழ்ச்சியைப் புரிந்துகொள்வதற்கும் முழுப் பதிவுகளே உதவின. அந்த அணி அத்தொடரில் மூன்று முறை தோற்றது. லிதுவேனியாவிடம் 110–104, அரையிறுதியில் ஜெர்மனியிடம் 113–111, கடைசியாகக் கனடாவிடம். மூன்றிலும் நூற்றுக்கு மேல் எடுத்தும் தோற்றார்கள். லிதுவேனியா ஆட்டத்தின் தொகுப்பு ஆண்டனி எட்வர்ட்ஸின் 35 புள்ளிகளை வரிசையாகக் காட்டி, அமெரிக்கா மயிரிழையில் தோற்றதுபோல் ஒரு தோற்றத்தை உண்டாக்குகிறது. முழு ஆட்டத்தைப் பார்த்தால், லிதுவேனியா எறிந்த முதல் ஒன்பது மூன்று புள்ளி வீச்சுகளும் விழுந்தன என்பதும், கூடைக்கு அடியில் எழும்பும் பந்தை அமெரிக்கர்கள் கைப்பற்ற முடியாமல் திணறினார்கள் என்பதும் தெரிகிறது. ஜெர்மனி ஆட்டத்திலும் அதே கதைதான். வித்தியாசம் ஒரு புள்ளியாகச் சுருங்கிய நேரத்தில் ஆண்ட்ரியாஸ் ஓப்ஸ்ட் எறிந்த மூன்று புள்ளி ஜெர்மனியைக் காப்பாற்றியது. அன்று அவர் எடுத்தது 24 புள்ளிகள். புகழ்பெற்ற பெயர்களைத் தேடிப் பார்ப்பவர் ஓப்ஸ்ட் களத்தில் இருப்பதையே கவனித்திருக்க மாட்டார்.

சேவையின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுவது நேரலைத் தடங்கலை அல்ல, சிறிய அணிகளை அது நடத்திய விதத்தை. இந்தியா இப்போட்டிக்குத் தகுதி பெறவில்லை. நம் ஆடவர் அணி ஒலிம்பிக்கில் ஆடியதும் 1980 மாஸ்கோவில் ஒரே ஒருமுறைதான். ஆகவே எங்கள் பிள்ளைகள் தங்களுக்கு நெருக்கமாகத் தோன்றிய அணிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது ஜப்பானை. காரணம் யூகி கவாமுரா. 172 சென்டிமீட்டர் உயரமே உள்ள அவர், பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்தார். மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்த ஜப்பான், கடைசிக் கால்பகுதியில் 35–15 என்று ஆடி 98–88 என்று வென்றது. உலகக் கோப்பையில் ஓர் ஐரோப்பிய அணிக்கு எதிராக ஜப்பான் பெற்ற முதல் வெற்றி அது. ‘உயரம் இல்லை’ என்று சொல்லிக் கூடைப்பந்தை விட்டுவிட நினைத்த இரு மாணவர்கள் அந்தப் பதிவைப் பார்த்த பிறகு தொடர்ந்து வருகிறார்கள். மற்றவர்கள் தெற்கு சூடானைப் பிடித்துக்கொண்டார்கள். 2011இல் விடுதலை பெற்ற அந்நாடு முதல்முறையாக உலகக் கோப்பைக்கு வந்திருந்தது. தங்கள் நாட்டில் முறையான உள்ளரங்கக் களம் இல்லை என்று அவ்வணியினரே சொல்லிவந்தார்கள். மழைக்காலம் முழுவதும் ஈரச் சிமெண்டுத் தளம் காய்வதற்குக் காத்திருக்கும் மலைப் பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவ்விரு அணிகளும் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது காலிறுதிகளின் வழியாக அன்று. 17ஆம் இடத்திலிருந்து 32ஆம் இடம் வரை தீர்மானிக்கும் தரநிலை ஆட்டங்களில், தத்தம் கண்டத்தின் சிறந்த அணியாக முடித்ததன் மூலமே அவை தகுதி பெற்றன. தெற்கு சூடான், போட்டியை நடத்திய பிலிப்பைன்ஸை 87–68 என்றும் அங்கோலாவை 101–78 என்றும் வென்றது. ஜப்பான் வெனிசுவேலாவையும், 80–71 என்று கேப் வெர்டேவையும் வென்றது. ஒரு நாட்டின் கூடைப்பந்து வரலாறே திரும்பிய ஆட்டங்கள் இவை. சேவையின் முகப்பில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை. அதே நாள்களில் அமெரிக்க அணியின் பயிற்சிக் காட்சிகள்கூட முகப்பில் இருந்தன. தரநிலை ஆட்டங்களின் முழுப் பதிவுகள் தாமதமாக ஏறின. அவற்றுக்குத் தொகுப்பும் இல்லை. வர்ணனையாளரும் சில இடங்களில் ஆட்டக்காரர்களின் பெயர்களை மாற்றிச் சொன்னார். 92 ஆட்டங்களையும் தருவதாகச் சொல்லிச் சந்தா வாங்கும் சேவை, 92 ஆட்டங்களையும் மதிக்க வேண்டும். மறு ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த ஒலிம்பிக் பயிற்சி ஆட்டத்தில், முன்னணி நட்சத்திரங்கள் நிறைந்த அமெரிக்க அணியிடம் தெற்கு சூடான் 101–100 என்று ஒரே புள்ளியில் தோற்றபோது உலகமே வியந்தது. தரநிலை ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்திருந்த எங்கள் பிள்ளைகள் அவ்வளவு வியக்கவில்லை.

லாட்வியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கும் அதுவே முதல் உலகக் கோப்பை. பிரான்ஸை 88–86 என்று வெளியேற்றி, நடப்புச் சாம்பியனான ஸ்பெயினை 74–69 என்று வென்று, ஐந்தாம் இடத்தில் முடித்தார்கள். ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் லிதுவேனியாவை 98–63 என்று நொறுக்கியபோது ஆர்தர்ஸ் ஜாகர்ஸ் கொடுத்த 17 அசிஸ்டுகள் உலகக் கோப்பையின் ஓர் ஆட்டத்துக்கான சாதனை. பந்தைப் பகிர்ந்து ஆடுவது எப்படி என்று கேட்கும் எவருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தப் பதிவைத்தான்.

புள்ளிவிவரப் பக்கம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆட்டக்காரர்வாரியான கணக்கும், வீச்சு எந்த இடத்திலிருந்து எறியப்பட்டது என்று காட்டும் வரைபடமும் தெளிவாக உள்ளன. ஆனால் பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனமே தன் இணையதளத்தில் இவற்றைக் கட்டணமின்றித் தருகிறது. புள்ளிவிவரத்தில் ஒரு வரியைத் தொட்டால் பதிவில் அந்த நொடிக்குப் போகும் வசதி இருந்திருந்தால் இதற்கு மதிப்பு கூடியிருக்கும். அது இல்லை.

வர்ணனை ஆங்கிலத்தில் மட்டுமே. கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் தமிழ் வர்ணனை கிடைக்கிறது. கூடைப்பந்துக்குத் தமிழ்நாட்டில் பார்வையாளர் இல்லை என்று யாராவது நினைத்தால், மலைக்குக் கீழே பெரியகுளத்தில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குத் திரளும் கூட்டத்தை வந்து பார்க்கட்டும். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901இல் பள்ளி தொடங்கிய காலத்தில் கூடைப்பந்துக்கே பத்து வயதுதான். சென்னையில் 1920இல் உருவான ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இந்த விளையாட்டை மாநிலமெங்கும் கொண்டுசென்றது. இவ்வளவு வேரோடிய விளையாட்டுக்கு ஒரு தமிழ் வர்ணனையாளரை அமர்த்துவது பெரிய செலவாக இருக்க முடியாது. விதிகளையும் உத்திகளையும் தாய்மொழியில் கேட்டால் பிள்ளைகள் எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். ஒலியை அணைத்துவிட்டு நானே சொல்லிக்கொண்டு போகிறேன். அதனால் என் மாணவர்களுக்குக் குறையில்லை; வீட்டில் தனியே பார்ப்பவருக்குக் குறைதான்.

இச்சேவையின் விலைக்கு உண்மையான நியாயம் செய்வது பதிவிறக்கும் வசதி. நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஆட்டத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, மின்சாரமும் இணைப்பும் இல்லாத மாலையிலும் பார்க்கலாம். நடுத்தரத் தெளிவில் இறக்கினாலே போதும், ஆட்டக்காரர் சட்டையின் எண் நன்றாகத் தெரிகிறது. இறக்கிய பதிவு ஒரு மாதத்தில் தானே அழிந்துவிடுகிறது என்பது மட்டும் இடைஞ்சல். மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் கொடைக்கானல் நகரின் மூஞ்சிக்கல்லில் இருக்கும்போது இறக்கிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பார்க்கிறார்கள்.

அடுத்த உலகக் கோப்பை 2027இல் கத்தாரின் தோஹாவில் நடக்கவிருக்கிறது. தோஹா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பிந்தியது. அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே பத்தரை மணிக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். பள்ளிப் பிள்ளைகளால் நேரலை பார்க்க இயலாது. அப்போது எந்தச் சேவை உரிமம் பெற்றாலும், முழுப் பதிவு மறுநாள் காலைக்குள் ஏறுமா, தரநிலை ஆட்டங்களும் அதில் அடங்குமா, பதிவிறக்க முடியுமா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சந்தா கட்டுங்கள். ஒரு மாதச் சந்தாவே போதும். ஆண்டுச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, தொடர் இல்லாத மாதங்களில் வீணாகிவிடும்.